நான் போன பிறகு படிக்கவும்

அன்புள்ள வாசகர்களுக்கு,

போன மாதம் இதழ் அச்சுக்குப் போகிற அவசரத்தில் இருந்தபோது ஓர் அம்மா படியேறி வந்தார்கள். கையில் மஞ்சப்பை. பைக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல ஒரு நீள நோட்டு. மூலையெல்லாம் மடங்கி, முதுகில் இரண்டு பின்னும் துருப்பிடித்திருந்தது. மேலட்டையில் பெயர், வகுப்பு, பாடம் என்று அச்சடித்திருந்த இடத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே நீல மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: நான் போன பிறகு படிக்கவும். அதன் கீழே அழுத்தி இரண்டு கோடு.

"எங்க அப்பா எழுதினது, அண்ணாச்சி. அவுக போயி வார தையோட ரெண்டு வருசம். உங்க புஸ்தகத்துல போடத் தோதுப்படுமான்னு பாத்துச் சொல்லுங்க."

அப்பா யாரென்று கேட்டேன். சொன்னார்கள். கையிலிருந்த புரூப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு எழுதத் தேவையும் இல்லை. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தால் கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிடுவார். குமரகுருபரர் அவதரித்த ஊர் என்று நாமெல்லாம் மேடைக்கு மேடை பெருமை பேசுவோம். அஞ்சு வயசு வரைக்கும் ஊமையாக இருந்த பிள்ளை திருச்செந்தூர்ச் சன்னிதியில் வாய் திறந்து பாடிய கதையை யாராவது ஆரம்பித்தால் இவர் இடையில் புகுந்து, "அஞ்சு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்த ஆளு இந்த ஊருல அவரு ஒருத்தருதாம்வே. அதுக்குப் பொறவு ஒரு பய மூடலையே" என்பார். கூட்டம் சிரிக்கும், அவர் சிரிக்க மாட்டார். டீயை ஆற்றிக்கொண்டிருப்பார்.

அந்த நோட்டு வந்த நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். அந்த வாரம் நான் இரண்டு 'செத்தவர்களின்' புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் நிஜமாகவே செத்த பிறகு பேசியவர். இன்னொருவர் செத்த மாதிரி நடித்துப் பேசியவர், நம் பக்கத்துக்காரர்.

முதலாமவர் மார்க் ட்வைன். தூத்துக்குடியில் வேலை பார்க்கும் மருமகன் அவருடைய சுயசரிதையின் முதல் தொகுதியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது, அரிசி சிப்பம் வைத்த சத்தம் கேட்டது. எழுநூறு பக்கத்துக்கு மேல். மல்லாந்து படுத்து நெஞ்சில் வைத்துப் படிக்கிற பழக்கம் எனக்கு. இதை வைத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணையை மடியில் போட்டு அதன் மேல் வைத்துத்தான் படித்தேன். எழுதியவரும் படுக்கையில் கிடந்துதான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். 1906-இல் நியூயார்க்கில், அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு பேச, ஜோசபின் ஹாபி என்ற சுருக்கெழுத்துப் பெண்மணி எழுதிக்கொண்டார். பிறந்தேன், வளர்ந்தேன் என்று வரிசைப்படி போகிற வழக்கமே கிடையாது. இன்றைக்கு எது நினைவுக்கு வருகிறதோ அதைப் பேசு, சலித்தால் விட்டுவிடு, அடுத்ததற்குத் தாவு. நம் திண்ணைப் பேச்சுக்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை.

இதையெல்லாம் நான் செத்து நூறு வருஷம் கழித்துத்தான் முழுசாக வெளியிட வேண்டும் என்று அவர் சொல்லிவைத்தார். கல்லறைக்குள்ளிருந்து பேசுகிறவனுக்குத்தான் நாக்கு கூசாது என்பது அவர் கட்சி. 1910 ஏப்ரல் 21-இல் இறந்தார். 2010-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. 2013-இல் இரண்டாவது, 2015-இல் மூன்றாவது. நூறு வருஷம் ஊறுகாய் போட்ட சரக்கு என்றதும் ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கியிருக்கிறார்கள். அச்சடித்தவர்களே எதிர்பார்க்காத விற்பனை.

இதில் ஒரு வேடிக்கை. நூறு வருஷம் திறக்காதே என்று பூட்டுப் போட்ட அதே மனிதர், 1906, 1907-இல் ஒரு பத்திரிகையில் அதிலிருந்து பகுதி பகுதியாக எடுத்து வெளியிட்டுவிட்டார். வந்த பணத்தில் ஒரு வீடும் கட்டினார். அந்த வீட்டுக்கு முதலில் 'சுயசரிதை வீடு' என்றே பெயர் வைத்திருந்தாராம். பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியரை நினைத்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

நானும் ஏச்சுக்காகத்தான் புத்தகத்தைத் திறந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஏச்சு இருக்கிறது, குறைவில்லாமல். அச்சுக்கோக்கும் யந்திரம் செய்து தருகிறேன் என்று அவருடைய சொத்தையெல்லாம் விழுங்கிய ஜேம்ஸ் பேஜ் கிழிபடுகிறார். பதிப்பக வியாபாரத்தைப் பார்த்துக்கொண்ட உறவுக்காரர் கிழிபடுகிறார். இத்தாலியில் வாடகைக்கு இருந்த பங்களாவின் சொந்தக்காரச் சீமாட்டியை, பக்கத்து வீட்டுக் குழாயடிச் சண்டையில்கூட நான் கேட்டிராத தினுசில் திட்டுகிறார். அந்த யந்திரமும் பதிப்பகமும் வைத்த கடன் தொல்லையால்தான் 1895-இல் அறுபது வயதை நெருங்கும்போது உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்யக் கிளம்பினார். 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார், பிறகு பம்பாய். கொழும்பு அப்போது நம் தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு ராத்திரி ஸ்டீமர் தூரம். இங்கிருந்து மூட்டையும் ஆளும் போய்க்கொண்டே இருந்த ஊர். அந்தக் கூட்டத்தில் நம்மூர்க்காரர் யாராவது வெள்ளை மீசைக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டுக் கவனிக்காமல் போயிருப்பார்.

ஆனால் ஏச்சு இருபது பக்கத்தில் சலித்துவிடுகிறது. செத்தவர் செத்தவர்களைத் திட்டுகிறார். நமக்கு இரண்டு தரப்பும் வேண்டியவர்கள் இல்லை. அப்புறம்தான் புத்தகம் வேறு மாதிரி ஆகிறது. மூத்த மகள் சூசி பதின்மூன்று வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறாள். அவர் அந்த நோட்டிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துத் தன் சுயசரிதைக்குள் வைக்கிறார், அவள் செய்த எழுத்துப் பிழைகளோடு, ஒரு பிழையும் திருத்தாமல். சூசி 1896 ஆகஸ்டில், அவர் அந்தக் கடனடைக்கும் பயணத்தை முடித்து இங்கிலாந்தில் இருந்தபோது, அமெரிக்காவில் மூளைக் காய்ச்சலில் இறந்துபோனாள். அப்பா பக்கத்தில் இல்லை. ஒரு குழந்தையின் எழுத்துப் பிழையைத் திருத்தாமல் விடுவதற்கும் அழுவதற்கும் அதிக தூரம் இல்லை என்று புரூப் பார்த்தே கண் கெட்டுப்போன எனக்கு அந்தப் பக்கங்களில்தான் தெரிந்தது.

1909 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, இளைய மகள் ஜீன் குளியலறையில் இறந்து கிடந்தாள். அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் உட்கார்ந்து அவளைப் பற்றி எழுதினார். அதுதான் என் சுயசரிதையின் கடைசி அத்தியாயம், இனி எழுத மாட்டேன் என்றார். எழுதவில்லை. நாலு மாதத்தில் போய்விட்டார்.

கல்லறையிலிருந்து பேசினால் உண்மை பேசலாம் என்ற அவர் கட்சியை அவரே உள்ளே ஓரிடத்தில் கலைத்துவிடுகிறார். வெட்கப்பட வேண்டிய சம்பவங்கள் என் வாழ்க்கையில் ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ ஞாபகம் வந்தன, ஒன்றுகூடக் காகிதத்துக்கு வரச் சம்மதிக்கவில்லை என்கிற அர்த்தத்தில் சொல்கிறார். நூறு வருஷப் பூட்டு மற்றவர்களைத் திட்டத்தான் உதவியிருக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்ல வரும்போது, பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாக்கு கூசத்தான் செய்கிறது.

அவர் போன பிறகு சாவி மிச்சமிருந்த ஒரே மகள் கிளாராவின் கைக்கு வந்தது. 1906-இல் மதத்தைப் பற்றி அவர் சொல்லிவைத்த சில அத்தியாயங்கள் மிகவும் காரம். இதை 2006-க்கு முன்னால் அச்சிட்டால் என் வாரிசுகளை உயிரோடு கொளுத்திவிடுவார்கள் என்று நண்பர் ஹவல்ஸுக்குக் கடிதம் எழுதினார். வாரிசும் அதை மறக்கவில்லை. 1940-இல் ஒருவர் அப்பாவின் அச்சேறாத பிரதிகளிலிருந்து தொகுத்துப் புத்தகம் போட வந்தபோது அந்த அத்தியாயங்களுக்குக் கிளாரா சம்மதிக்கவில்லை. 1962-இல் அவர் இறந்தார். மறுவருஷம்தான் அவை அச்சேறின.

இனி நம் பக்கத்துக்காரர்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கிழக்கே நத்தம், திருப்புளிங்குடி என்று நவதிருப்பதி பஸ்ஸில் போனால் பெருங்குளம். மாயக்கூத்தர் கோயில், நம் அணையின் வடகால் தண்ணீர் போய் நிறைகிற குளம். அந்த ஊரில் 1872 ஆகஸ்ட் 16-இல் பிறந்தவர் அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர் என்றால் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ., பிறகு உப்பு இலாகாவில் உத்தியோகம். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே வாழ்கிற நமக்கு இந்தச் செய்தி தனி ருசி. அவர் இறந்து 2025 அக்டோபரோடு நூறு ஆண்டு நிறைந்தது.

1903-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வந்தது. பெயர் 'தில்லை கோவிந்தன்'. இறந்துபோன ஒருவரின் சுயசரிதை என்று முகப்பிலேயே போட்டிருந்தது. பதிப்பித்தவர் 'பம்பா' என்றும் இருந்தது. கோவிந்தன் என்று யாரும் சாகவில்லை. பம்பா என்று யாரும் பதிப்பிக்கவும் இல்லை. இரண்டும் மாதவையாதான். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று, திடகாத்திரமாக உப்பு இலாகா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கிராமத்து வைதிகக் குடும்பத்துப் பையன் ஒருவன் இங்கிலீஷ் படித்து, மதராஸ் போய், நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் கீதையிடம் வந்து நிற்கிற கதை. நாவல்தான், ஆனாலும் அவர் சொந்த வாழ்க்கை அதில் நிறைய.

ஏன் செத்தவன் வேஷம் போட்டார்? இது என் ஊகம்: சர்க்கார் உத்தியோகஸ்தர், பெருங்குளத்தில் உறவுக்காரர்கள், அக்ரகாரத்துப் பழக்கவழக்கங்களைக் கிண்டல் செய்து எழுதினால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார வேண்டுமே! பிணத்தை யார் பந்தியை விட்டு எழுப்ப முடியும்? மாதவையாவை நகைச்சுவை எழுத்தாளர் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. சீர்திருத்தக்காரர், பெண் கல்விக்கு வாதாடியவர் என்றே பாடப்புத்தகத்தில் வருவார். அதனால் பாதிப் பேர் பயந்து படிப்பதில்லை. படித்துப் பாருங்கள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு வாரிவிடுகிற நம் ஆற்றங்கரைக் குசும்பு அவரிடம் உண்டு. இங்கிலீஷ் படித்தவனின் மிதப்பும் அதில் தப்புவதில்லை, அதாவது தன்னையும் சேர்த்துத்தான்.

அந்தப் பிணம் ரொம்ப சுறுசுறுப்பு. 1907-இல் தில்லை கோவிந்தன் பெயரில் இன்னொரு புத்தகம் வந்தது. 1916-இல் லண்டனில் பிஷர் அன்வின் நிறுவனம் 'தில்லை கோவிந்த'னை மறுபடி வெளியிட்டது. பிரெடரிக் ஹாரிசன் என்ற ஆங்கில அறிஞர் முன்னுரை. கடல் தாண்டினால் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று ஆசாரக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். செத்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, கப்பலேறிவிட்டான். 1944-இல் தமிழுக்கு வந்தான்.

என்னிடம் இருப்பது ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த ஒரு பிரதி. 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டுப் புத்தகங்களெல்லாம் இரண்டு நாள் ஊறின. வெயில் வந்த பிறகு மொட்டைமாடியில் கொடி கட்டி, துணி உலர்த்துகிற கிளிப் போட்டுத் தாள் தாளாகத் தொங்கவிட்டோம். கோவிந்தன் வேட்டிக்கும் சேலைக்கும் நடுவில் மூன்று நாள் காற்றாடினான். ஜெராக்ஸ் மை கெட்டியானது, எழுத்து போகவில்லை. தாளில் மட்டும் ஆற்று வண்டல் கறை. இப்போதும் பக்கத்தைப் புரட்டினால் விரலில் பொடியாக ஒட்டும். நம் தாமிரபரணி மண்.

இன்னொரு யோசனை அந்தக் கறையைப் பார்க்கும்போது வரும். நமக்கு ஒரு நடைதூரத்தில் ஆதிச்சநல்லூர். 1903-இல் மாதவையா தன் 'செத்தவனை' பேசவிட்ட அதே வருஷங்களில் அலெக்சாண்டர் ரியா அங்கே பரம்பைத் தோண்டி முதுமக்கள் தாழிகளை எடுத்துக்கொண்டிருந்தார். தாழிக்குள் இருந்தவர்களோடு இரும்பும் வெண்கலமும் வந்தன, பொன் பட்டமும் வந்தது. பேச்சு வரவில்லை. சிரிப்பாணிக்காரர் ஒருவர் அங்கேயும் இருந்திருப்பார், அவர் சொன்ன எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

மாதவையா நிஜமாகச் செத்தது நடிப்புக்கு நேர்மாறு. உத்தியோகத்தை விட்டு மயிலாப்பூரில் குடியேறி, வீட்டிலேயே அச்சகம் வைத்து, 1924-இல் 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்துகிற ஜாதி. அந்த விதத்தில் அவர் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். 1925 அக்டோபர் 22, சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் எழுந்து பேசினார். பேசி உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் விட்டார். வயது ஐம்பத்து மூன்று. 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகம் பாதியில் நின்றது. இறந்த பின் வெளியிடுவதற்கென்று தனியாக எதையும் பூட்டிவைத்ததாகத் தெரியவில்லை. அந்த வேலையை முப்பத்தொன்றாம் வயதிலேயே முடித்துவிட்டாரே.

நம் பக்கத்தில் மற்றவர்களும் உண்டு. வ.உ.சி. அகவற்பாவில் எழுதிய சுயசரிதை அவர் மறைந்து பத்து வருஷம் கழித்து 1946-இல்தான் புத்தகமானது. எட்டயபுரத்து ஜமீன் வாழ்க்கையைப் பாரதி விழுந்து விழுந்து கிண்டல் செய்த 'சின்னச் சங்கரன் கதை' முற்றுப்பெறாமலே நமக்குக் கிடைத்தது. அவற்றைப் பற்றி இன்னொரு மாதம் எழுதுகிறேன், நோட்டுக்கு வருவோம்.

இரண்டு ராத்திரி படித்தேன். முதல் பத்துப் பக்கம் ஏச்சு. கிணற்றுப் பங்குக்காகக் கோர்ட்டுக்குப் போன தம்பி, சீர் வரிசையில் வெண்கலப் பானை குறைந்தது என்று பேசிய சம்பந்தி, பாலில் தண்ணீர் ஊற்றியவர், தண்ணீரில் பால் ஊற்றியவர், எல்லாரும் வருகிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்ததில் வீட்டில் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நடுவில் கணக்கு: வாழைத்தார் விற்றது, உரம் வாங்கியது. அப்புறம் மறுபடி ஏச்சு. நடுப்பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாளில் நாலே வரி. அது ஏச்சு இல்லை. அந்த வீட்டில் நடந்த ஒரு சாவைப் பற்றியது. அன்றைக்கு டீக்கடையில் அவர் என்ன செய்தார் என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

அந்த அம்மா திரும்ப வந்தபோது, தம்பி விஷயத்தையும் சம்பந்தி விஷயத்தையும் வெட்டிவிட்டுப் போடலாம் என்று இழுத்தேன். ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், வம்பு வரும்.

"அதெல்லாம் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. அப்பா மூஞ்சிக்கு நேரயே சொன்னதுதான், எல்லாருக்கும் தெரியும்" என்றார்கள். பிறகு நோட்டை வாங்கி, தேடாமலே அந்தத் தாளைத் திருப்பினார்கள். "இது மட்டும் வேண்டாம். இது எங்கிட்ட இருக்கட்டும்."

நான் பத்திரிகைக்காரன். அந்த நோட்டில் அச்சிட வேண்டிய ஒரே பக்கம் அதுதான் என்று எனக்குத் தெரியும். மாதவையாவாக இருந்தால் வாதாடியிருப்பாரோ என்னமோ. நான் சூசியின் எழுத்துப் பிழைகளை நினைத்துக்கொண்டு, மேஜை டிராயரிலிருந்து பின் பிடுங்கியை எடுத்துக் கொடுத்தேன்.

கிழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. துருப்பிடித்த பின் இரண்டையும் பொறுமையாக நிமிர்த்தி, தாளை உருவினார்கள். நோட்டுத் தாள் உங்களுக்குத் தெரியும்: ஒரு பக்கத்தை உருவினால் அதன் ஜோடியும் கூடவே வந்துவிடும். ஜோடிப் பக்கத்தில் இருந்தது நம் இதழைப் பற்றி. 'வாசகர்களுக்கு' என்று மாதாமாதம் இரண்டு பக்கம் வீணடிக்கும் ஆசாமி, டீக்கடையில் தன் பங்கைக் கொடுக்காமல் நழுவும் கலை, என் தலைமுடிச் சாயம் என்று ஒரு பக்கம் முழுக்க, சுத்தமான கையெழுத்தில். நோட்டிலேயே நல்ல பக்கம். அதுவும் மடிந்து மஞ்சப்பைக்குள் போய்விட்டது.

அடுத்த இதழிலிருந்து அந்த நோட்டு தொடராக வருகிறது. ஒரு தாள் குறையும். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று டீக்கடையில் யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். தலைக்குச் சாயம் பூசுவது உண்மை.

அன்புடன்,
ஆசிரியர்